நுவரெலியா கிராண்ட் ஹோட்டலில் கலியாணம்: புல்வெளிக்கு முழு மார்க், மரக்கூடத்துக்கு நிபந்தனையோடு

படத்துக்காகவே இந்த இடத்தைப் பிடிக்கிறவர்கள் அதிகம். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1828இல் ஓய்வுக்கென்று கட்டிய வீடு, பிறகு ஹோட்டலாகி வளர்ந்து நிற்கிறது. டியூடர் பாணி முகப்பு, கத்தரித்து நிறுத்திய செடிகள், பக்கத்தில் கோல்ஃப் மைதானம். கமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படம் அமையும் என்று தோன்றும். வெளியே அது சரி. உள்ளே பாடு வேறு.

பழைய பகுதியில் கருநிற மரப்பலகை அதிகம். ஃப்ளாஷைக் கூரைக்கோ சுவருக்கோ அடித்து வெளிச்சத்தைத் திருப்பும் வழக்கமான கைவேலை இங்கே பலிக்காது. பலகை பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடும். மிச்சத்தைத் தேன் நிறத்தில் திருப்பும். கூறைச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாகும், நகைக்குப் பக்கத்தில் பெண்ணின் முகம் மஞ்சளடிக்கும். மணவறைக்கு இரு பக்கமும் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஃப்ளாஷ், வெள்ளைக் குடையோடு, ஆள் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும். ஃப்ளாஷில் அரை அளவு செம்மஞ்சள் ஜெல் (நிறக் கண்ணாடித்தாள்) ஒட்டி, கமராவின் வெண்சமநிலையை 3800 கெல்வினில் நிறுத்தினால் விளக்கும் ஃப்ளாஷும் ஒரே நிறத்துக்கு வரும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/100 செக்கன் என்று தொடங்கலாம். அலங்காரக்காரர் கொண்டுவரும் மலிவு எல்இடி விளக்குகள் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் துடிப்பவை. ஷட்டரை 1/250க்குக் கொண்டுபோனால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும்.

அடுத்த தொல்லை லென்ஸில் பூக்கும் ஈரம். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில். குளிர்ந்த புல்வெளியில் நின்ற கமராவை, ஆட்கள் நிறைந்த சூடான கூடத்துக்குள் கொண்டுபோன உடனே கண்ணாடி வெளுத்துவிடும். துடைக்கத் துடைக்கத் திரும்ப வரும். தாலி கட்டும் நேரத்தில் இது நடந்தால் போச்சு. வெளிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று என இரண்டு கமரா வைப்பதே நிம்மதி. ஒன்றுதான் என்றால் இறுக்கி மூடும் பொலித்தீன் பையில் போட்டு உள்ளே கொண்டுபோய், இருபது நிமிடம் விட்டுத் திறக்கலாம்.

காலநிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, ஆனால் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி விழுவதுண்டு. பெண்ணை வெறுங்காலோடு நிறுத்தக் கூடாது. மே தொடங்கித் தென்மேல் பருவமழை. ஏப்ரல் வசந்த காலத்தில் ஊரே நெரிசல், அறை வாடகையும் ஏறும். எந்த மாதமானாலும் காலை தெளிந்திருந்து மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்குவது வழக்கம். அதனால் ஐயரிடம் எட்டரைக்கும் பத்துக்கும் இடையில் முகூர்த்தம் கேட்பது நல்லது. தாலி கட்டி முடிந்ததும் புல்வெளிப் படங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்றால் கட்டடமே காணாமல் போயிருக்கும். பனி இறங்கிவிட்டால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் (இரு மடங்கு வெளிச்சம்) கூட்டினால்தான் வெண்மை சாம்பலாகாது. பௌர்ணமி நாளில் முகூர்த்தம் வைத்தால் போயா விடுமுறை. இரவு விருந்தில் மதுபானம் கிடைக்காது.

ஓமத்துக்கு முதலே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எங்கே, எவ்வளவு நேரம், புகை அறியும் கருவியை யார் கவனிப்பது என்பதெல்லாம் அதில் வரட்டும். தகரத் தட்டில் இரண்டு அங்குல மணல், மேலே செங்கல், அதற்கு மேல் ஓமகுண்டம். நேரடியாகப் பலகைத் தரையில் வைத்தால் சூடு கீழே இறங்கும். ஆலாத்தித் தண்ணீர் கம்பளத்தில் சிந்தினால் கறை போகாது, முற்பணத்தில்தான் கழியும். வாழைமரத்தைத் தூணில் ஆணியடித்துக் கட்ட விடமாட்டார்கள், விடவும் கூடாது; மணல் நிரப்பிய வாளியில் நிறுத்தித் துணி சுற்றலாம். இந்தக் குளிரில் வாழை ஒழுங்காக வளராது என்பதால் மரத்தையும் இலையையும் கம்பளை, கண்டிப் பக்கமிருந்து முதல்நாளே ஏற்ற வேண்டும். கண்டியிலிருந்து 77 கிலோமீற்றர்தான், ஆனால் றம்பொடை வளைவுகளில் பெரிய பஸ் ஊர்ந்துதான் ஏறும். மூன்று மணி நேரம் கணக்கு வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு வாந்திப் பையும்.

மேளக்காரரை வாசலில் நிறுத்தாதீர்கள். ஈரக்காற்றில் தவில் தோல் தளர்ந்து சத்தம் அமுங்கும். கூரைக்குக் கீழே, கணப்படுப்புக்கு மிக அருகிலும் இல்லாமல் இருத்த வேண்டும்.

சாப்பாட்டைப் புல்வெளியில் பரிமாறும் யோசனையை விட்டுவிடலாம். சோறு பத்து நிமிடத்தில் ஆறிவிடும். மரக்கறிக்குத் தனிப் பாத்திரம் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

குடும்பப் படத்துக்கு முகப்புப் படிதான். நாற்பது பேரை நான்கு வரிசையாக நிறுத்தி, 35 மில்லிமீற்றர் லென்ஸ், எஃப் 8. ஓரத்தில் நிற்பவர் அகலமாகத் தெரியாமலிருக்க இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட வேண்டும். மலையகத்துப் பெரியவர்கள் பலருக்குத் தோட்டத் துரையின் வீடு என்றால் பின்வாசலும் குசினிப் படியும்தான் தெரியும். அதனால் இங்கே ஆச்சிக்கு ஒரு கதிரை போட்டு முன்வரிசை நடுவில் இருத்துங்கள், மாப்பிள்ளை பொம்பிளை பக்கத்தில் நிற்கட்டும்.

ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் ஹோட்டலின் சம்மதமும் இரண்டுமே வேண்டும். பனியில் அது எப்படியும் பறக்காது. அந்தக் காசில் இரண்டாவது படப்பிடிப்பாளர் ஒருவரைப் பிடிக்கலாம். நூற்றைம்பது பேருக்குள், காலை முகூர்த்தம் என்றால் தயங்காமல் இந்த இடம். நானூறு பேரை அழைக்கிறவர்கள் ஊரில் ஒரு மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு, படத்துக்கு மட்டும் அனுமதி கேட்டு இங்கே வரலாம்.