வவுச்சரா, விடுப்பா?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குழுவில் பாதிப் பேர் தமிழர்கள். சாஃப்ட்வேர் ரிலீஸுக்காக மூன்று இரவு கண்விழித்தவருக்கு என்ன கொடுப்பது என்ற பேச்சு அடிக்கடி வரும்.

கிஃப்ட் வவுச்சர் சுலபம். ரொக்கமாகக் கொடுத்தால் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடிப்பார்கள். வவுச்சருக்குக் குறிப்பிட்ட வரம்புவரை விலக்கு உண்டு. வாடகை நெருக்கும் மாதத்தில் மளிகை வவுச்சர் பெரிய உதவிதான்.

சரி, களைப்பு? தீராத வேலை நெருக்கடியால் வரும் பர்ன்அவுட்டை 2019-இல் உலக சுகாதார நிறுவனம் நோயாக அல்ல, பணி சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. அதற்கு வேலையில்தான் எதையாவது மாற்ற வேண்டும்.

போன முறை டெஸ்டிங்கில் இருக்கும் தருமபுரிப் பெண்ணுக்கு வெள்ளியும் திங்களும் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தோம். கூடவே, நள்ளிரவு இரண்டு மணிக்கு அவர் கண்டுபிடித்த பிழையைக் குறிப்பிட்டு நாலு வரி கையால் எழுதிக் கொடுத்தோம். முகம் தெளிந்து திரும்பினார், அம்மா சுட்ட அதிரசத்தோடு. அந்தச் சீட்டு இன்னும் அவருடைய மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது.

என் ஓட்டு விடுப்புக்குத்தான். ஆனால் அந்த நாலு நாளும் யாரும் போன் செய்யக்கூடாது. திரும்பி வரும்போது விட்ட வேலை குவிந்து கிடக்கவும் கூடாது.