"எல்லாம் ஆண் குஞ்சு" என்று திலேப்பியா விற்பவரிடம் உஷார்

பயோஃபிளாக் தொட்டியில் (காற்றூட்டி, மீன் கழிவை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்யும் முறை) திலேப்பியா மீன் வளர்க்க இறங்குபவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். எனக்குப் பயிற்சி, குஞ்சு, தீவனம் மூன்றும் கொடுத்தது ஒரே ஆள். ஆறு மாதத்தில் அரை கிலோ வரும், மீனைத் தானே திரும்ப எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. கூடவே லாபக் கணக்கு ஒன்று, அழகாக அச்சடித்து.

அதில் ஒரு கிலோ தீவனம் போட்டால் ஒரு கிலோ மீன். எனக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் போனது. நடப்புச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான் என்பதால், இந்த ஒரு வரியிலேயே லாபம் காலி. விட்ட குஞ்சு அத்தனையும் பிழைப்பதாகவும் போட்டிருந்தார். ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். கரண்ட் போனால் கொஞ்ச நேரத்திலேயே மீன் மேலே வந்து வாய் பிளக்கும். ஜெனரேட்டருக்கு அந்தத் தாளில் இடமே இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. குஞ்சுதான் பெரிய ஏமாற்று. திலேப்பியாவில் ஆண்தான் வேகமாக வளரும், அதனால் மோனோசெக்ஸ் குஞ்சு, அதாவது எல்லாமே ஆண் என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கினார். இரண்டு மாதம் தாண்டியதும் தொட்டி ஓரத்தில் பொடிப்பொடியாகக் குஞ்சுகள்! தாடை உப்பியிருந்த ஒரு மீனைப் பிடித்து வாயைத் திறந்தால், உள்ளே மஞ்சள் முட்டைகள். பெண் மீன் வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். அதுவரை சரியாகத் தின்னாது, வளராது. பொரித்த குஞ்சுகளோ பெரிய மீனின் தீவனத்தில் பங்குக்கு வரும்.

போன் செய்தால், "நூற்றுக்கு ரெண்டு மூணு பெண் வரத்தான் செய்யும் சார்" என்றார். வலை போட்டு அள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய பாதி பெண். அறுவடையில் பெரும்பாலானவை கால் கிலோகூடத் தேறவில்லை. திரும்ப எடுப்பதாகச் சொன்னீர்களே என்று கேட்டதற்கு, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்: அரை கிலோவுக்குக் குறைந்தால் வாங்க மாட்டார்களாம்.

பொடிக் குஞ்சில் ஆணா பெண்ணா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முப்பது கிராம் வந்ததும் சிலவற்றைப் புரட்டி வயிற்றடியைப் பாருங்கள்: ஆணுக்கு இரண்டு துளை, பெண்ணுக்கு மூன்று. அப்போது பெண் அதிகமிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.