ஸ்விங் மோடல் டயலாக்: பல வருடம் பழகியும் தீராத ஓர் எரிச்சல்

“லாகின் முடிந்த பிறகுதான் மெயின் விண்டோ வரவேண்டும், ஸ்விங்கில் எப்படிச் செய்வது?” என்று நண்பர் கேட்டிருந்தார். (ஸ்விங் என்பது ஜாவாவில் விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்கும் நூலகம்.) பதில் சின்னதுதான். லாகினை மோடல் ஜேடயலாகாக, அதாவது மூடும் வரை மற்ற விண்டோக்களைத் தொடவிடாத சின்ன விண்டோவாகப் போடுங்கள், செட்விசிபிள்(ட்ரூ) கொடுத்துத் திரையில் காட்டுங்கள், அடுத்த வரியில் முடிவைப் பார்த்து மெயின் விண்டோவான ஜேஃபிரேமை உருவாக்குங்கள். மொத்தத்தையும் இன்வோக்லேட்டருக்குள் (ஈவென்ட் த்ரெடின் வரிசையில் வேலையைச் சேர்க்கும் மெத்தட்) வையுங்கள். டயலாக் மூடும் வரை அந்த அடுத்த வரி ஓடாது. கேள்வி, பதில், அடுத்த வேலை என்று நிரலை மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்கலாம். லிசனருக்குள் (பட்டன் அழுத்துவது போன்றவை நடந்ததும் ஓடும் நிரல்) லிசனர் எழுதி அலுத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சுகம் என்று தெரியும்.

எரிச்சலும் அதே இடத்தில்தான். செட்விசிபிளை ஈவென்ட் த்ரெடிலிருந்து (திரை வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்யும் த்ரெட்) அழைக்கும்போது அந்த மெத்தட் நின்றுவிடுகிறது, ஆனால் திரை உறைவதில்லை. காரணம், அந்த அழைப்புக்கு உள்ளேயே இன்னொரு ஈவென்ட் லூப் சுழலத் தொடங்கிவிடுகிறது. பின்னால் இருக்கும் விண்டோக்களுக்கு மவுஸும் கீபோர்டும் மட்டும்தான் தடை. டைமர், இன்வோக்லேட்டரில் போட்ட வேலைகள், பின்னணியில் வேலை செய்யும் ஸ்விங்வொர்க்கர் முடிந்ததும் ஓடும் டன் மெத்தட் எல்லாம் வழக்கம்போல ஓடும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதை.

இதில் என்ன நஷ்டம் என்பவர்களுக்கு ஓர் உதாரணம். ஜேடேபிளில் (ஸ்விங்கின் அட்டவணை) 7 என்ற எண்ணுள்ள வரிசையைத் தேர்ந்தெடுத்து ‘நீக்கு’ அழுத்துகிறார் பயனர். நிரல் அந்த எண்ணை ஒரு இன்ட் மாறியில் வைத்துக்கொண்டு “நிச்சயமாக நீக்கவா?” என்று கேட்கிறது. அவர் யோசிக்கும் நேரத்தில், 30 விநாடிக்கு ஒருமுறை டேட்டாவைப் புதுப்பிக்கும் டைமர் ஓடி, மேலே மூன்று புது வரிசைகளைச் சேர்க்கிறது. அவர் ‘ஆம்’ சொல்கிறார். இப்போது 7-ல் இருப்பது முன்பு 4-ல் இருந்த பதிவு. அது போய்விடுகிறது. எக்ஸெப்ஷன் (பிழை) கிடையாது, லாக் ஃபைலில் ஒன்றும் இருக்காது. டயலாக் திறக்கும் முன்பே பதிவின் ஐடியை எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் டேபிளின் டேட்டா இருக்கும் மாடலில் அந்த ஐடியைத் தேடி, இருந்தால் மட்டுமே நீக்க வேண்டும். டைமரை நிறுத்தி வைத்தால் போதாதா என்றால், போதாது: அதற்கு முன்பே கிளம்பிய ஸ்விங்வொர்க்கர் ஒன்று நடுவில் வந்து சேரலாம்.

டைமரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஸ்விங் டைமரின் லிசனருக்குள்ளேயே மோடல் டயலாக் திறந்தால், அது மூடும் வரை அந்த டைமர் மறுபடி அடிக்காது. கோயலெஸ் என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூவாக இருப்பதால், முந்தைய அழைப்பு முடியாமல் அடுத்ததை அது வரிசையில் போடுவதில்லை. மற்ற டைமர்கள் ஓடிக்கொண்டிருக்க இது மட்டும் படுத்துவிடும். யாரோ ‘சரிசெய்கிறேன்’ என்று செட்கோயலெஸ்(ஃபால்ஸ்) போட்டால், ஒரே எச்சரிக்கை டயலாக் திரை முழுக்க அடுக்கடுக்காக வந்து நிற்கும்.

அடுக்கு என்றதும் நினைவுக்கு வருவது டயலாக் மேல் டயலாக். எடிட் டயலாக் திறந்திருக்கும்போது செஷன் காலாவதியாகி, அதன் மேல் மறு-லாகின் டயலாக் வருகிறது என்று வையுங்கள். அந்த நிலையில் நிரலே கீழ் டயலாகை டிஸ்போஸ் செய்தால் (மூடி அதன் வளங்களை விடுவித்தால்) அது திரையிலிருந்து மறையும். ஆனால் அதன் செட்விசிபிளுக்கு அடுத்த வரி, மேலே உள்ளது மூடும் வரை ஓடாது. ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் ஓடுகிறது, உள்ளே இருப்பது முடியாமல் வெளியே இருப்பது நகர முடியாது.

செட்விசிபிளைச் சுற்றி ட்ரை-கேட்ச் போடுவதும் வீண். ஓகே பட்டனின் லிசனரில் விழும் ரன்டைம் எக்ஸெப்ஷன் உள் லூப்பிலேயே பிடிபட்டு யாரும் பிடிக்காத பிழைகளைக் கையாளும் அன்காட் எக்ஸெப்ஷன் ஹேண்ட்லருக்குப் போய்விடும். டயலாக் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கும்.

புராகிரஸ் டயலாகில் வரிசைதான் முக்கியம். முதலில் வொர்க்கரைக் கிளப்பும் எக்ஸிக்யூட், பிறகு செட்விசிபிள், டன்னில் டிஸ்போஸ். வரிசையை மாற்றிப் போட்டால், பயனர் டயலாகை மூடும் வரை வேலையே தொடங்காது. 0 சதவீதத்தில் நிற்கும் பாரைப் பார்த்து நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருப்போம். டன்னுக்கு வெளியே, ஈவென்ட் த்ரெடில் வொர்க்கரின் கெட்டை (முடிவு வரும் வரை காத்திருக்கும் மெத்தட்) அழைத்தால் திரையே உறையும்.

நியாயமாகப் பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. 2006-ல் ஜாவா 6 கொண்டுவந்த மோடாலிட்டி வகைகளில் (டயலாக் எந்தெந்த விண்டோக்களைத் தடுக்கும் என்பதன் வகைகள்) டாக்குமென்ட் மோடல் அருமையானது. இரண்டு ஃபிரேம்கள் திறந்திருந்தால் ஒன்றின் டயலாக் மற்றதைத் தொடாது. பழைய செட்மோடல்(ட்ரூ) அப்ளிகேஷன் மோடலாகத்தான் வேலை செய்யும், எல்லா ஃபிரேமையும் பூட்டும். ஒரே எச்சரிக்கை, ஓனர், அதாவது டயலாக் சார்ந்திருக்கும் விண்டோ, சரியாக இருக்க வேண்டும். ஃபிரேம் வாங்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு (டயலாகை உருவாக்கும் அழைப்பு) நல் (null, ‘எதுவுமில்லை’) கொடுத்தால் ஸ்விங் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபிரேமை ஓனராக வைத்துக்கொள்ளும். டாக்குமென்ட் மோடல் அதன் குடும்பத்தை மட்டும் தடுக்கும், உங்கள் மெயின் விண்டோ தாராளமாகத் திறந்திருக்கும். உண்மையிலேயே ஓனர் வேண்டாம் என்றால் விண்டோ வகைக் கன்ஸ்ட்ரக்டருக்கு நல் கொடுங்கள்.

விண்டோவை மூடும் எக்ஸ் பட்டன் தனித் தொல்லை. அதை அழுத்தினால், யெஸ்/நோ கேட்கும் ரெடிமேட் டயலாகான ஷோகன்ஃபர்ம்டயலாக் -1 திருப்பும். ‘நோ என்றால் திரும்பிவிடு, இல்லையென்றால் சேமி’ என்று எழுதினால் எக்ஸ் அழுத்தியவருக்கும் சேமித்துவிடும். யெஸ்ஸா என்று மட்டும் சோதியுங்கள். நீங்களே எழுதும் ஜேடயலாகில் எக்ஸ் வெறுமனே மறைக்கும், டிஸ்போஸ் செய்யாது. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கினால் பழையவை தேங்கிக்கொண்டே போகும், அந்த ஃபிரேமை ஓனராகக் கொடுக்காமல் உருவாக்கியவை இருந்தால் கடைசி ஃபிரேமை டிஸ்போஸ் செய்தாலும் புராசஸ் முடியாது. எக்ஸ் அழுத்தியதும் டிஸ்போஸ் செய்யவைக்கும் டிஸ்போஸ்-ஆன்-குளோஸ் ஒரு வரிதான், அதைப் போடாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

ஸ்விங்கில் இவ்வளவு அழகாகப் படிக்கக்கூடிய நிரல் வேறெதிலும் வராது. அப்படியும், மெயின் விண்டோ ஓடிக்கொண்டிருக்கும் இடங்களில் மோடல் டயலாகை இனி வைக்கமாட்டேன், விண்டோவுக்குள்ளேயே ஒரு பேனலைத் திறந்து மூடிக்கொள்வேன். நண்பரின் லாகினுக்கு மட்டும் தாராளமாகப் போடலாம். அந்த நேரத்தில் பின்னால் டேபிளும் இல்லை, டைமரும் இல்லை.