இலவச சேனல் செயலியைக் கட்டணத்துக்கு மாற்றும்போது: பதிவிறக்க விலையா, தனிச் செயலியா, உள்ளே சந்தாவா?

சில ஆண்டுகள் இலவசமாக நடத்திய ஒரு சிறிய ஸ்ட்ரீமிங் சேனலின் செயலியைக் கட்டணத்துக்கு மாற்ற விரும்புவோர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் செயலிக்கே பதிவிறக்க விலை வைக்கலாம். கட்டணப் பதிப்பைத் தனிச் செயலியாக வெளியிடலாம். அல்லது செயலியை இலவசமாகவே விட்டுவிட்டு அதற்குள் சந்தா கேட்கலாம். இந்தப் பேச்சு பெரும்பாலும் மாதம் எவ்வளவு வாங்குவது என்பதிலேயே நின்றுவிடுகிறது. ஆனால், இதுவரை நம்மோடு இருந்த நேயர்கள் மாற்றத்துக்கு மறுநாள் எந்தத் திரையைப் பார்ப்பார்கள் என்பதுதான் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன்.

பதிவிறக்க விலையைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கூகுள் ப்ளேயில் ஒருமுறை இலவசமாக வெளியான செயலியைப் பின்னர் விலைச் செயலியாக மாற்ற முடியாது. விலை வேண்டுமென்றால் புதிய பேக்கேஜ் பெயரில், அதாவது செயலியைக் கடை அடையாளம் காணும் பெயரில், புதிய செயலியாகத்தான் வெளியிட வேண்டும். ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் விலையை எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம். முன்பே பதிவிறக்கியவர்கள் தொடர்ந்து இலவசமாகவே பயன்படுத்துவார்கள். ஆனால் ஸ்ட்ரீமிங்குக்கு ஒருமுறை விலை என்பதே பொருந்தாத கணக்கு. விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி தரவை எடுத்துக்கொள்கிறது. தினமும் 2 மணி நேரம் பார்ப்பவருக்கு 30 நாளில் 135 ஜிபி அனுப்ப வேண்டும். ஒரே ஒருமுறை நூறு ரூபாய் கொடுத்தவருக்கு மாதந்தோறும் இந்தச் செலவைச் செய்துகொண்டே இருக்கும் சேனல் நெடுநாள் நிற்காது.

தனிச் செயலி வெளியிடுவது முதற்பார்வைக்கு நேர்மையானதாகவே தோன்றும். பழையது பழையபடி இருக்கும், புதியது வேண்டியவர் வாங்கிக்கொள்ளட்டும் என்ற எண்ணத்தில் தவறில்லை. நடைமுறையில் இதன் சுமை நேயர்மீது விழுகிறது. அமெரிக்காவில் மகன் வீட்டில், தொலைக்காட்சியில் இணையக் காணொளிகளைக் காட்டும் ரோக்கு பெட்டி வழியாகத் தமிழ்ச் சொற்பொழிவு கேட்கும் ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள்: அவர் புதிய சேனலின் (ரோக்குவில் செயலியைச் சேனல் என்றே சொல்வார்கள்) பெயரை ரிமோட்டில் எழுத்தெழுத்தாகத் தட்டித் தேடிச் சேர்த்து, பாதியில் நிறுத்திய இடத்தையும் விருப்பப் பட்டியலையும் மீண்டும் தொடக்கத்திலிருந்து உருவாக்க வேண்டும். பழைய செயலி சேர்த்துவைத்த மதிப்பீடுகளும் பதிவிறக்க எண்ணிக்கையும் புதியதற்கு வராது. நாம் ஒவ்வொரு திருத்தத்தையும் இரண்டு செயலிகளில் செய்து, இரண்டு முறை பரிசீலனைக்கு அனுப்ப வேண்டியும் வரும்.

விருப்பப் பட்டியலையாவது காப்பாற்ற வழி உண்டா என்றால், உண்டு. ரோக்குவில் ஒரே டெவலப்பர் சாவியால், அதாவது செயலியை உருவாக்கியவர் யார் என்று உறுதிசெய்யும் மின்னணு முத்திரையால், கையெழுத்திட்ட சேனல்கள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் சேமிப்பிடத்தைப் பகிர்ந்துகொள்வதால், இலவச சேனல் எழுதிவைத்ததைக் கட்டண சேனல் படித்துக்கொள்ள முடியும். ஆப்பிளில் ஒரே டெவலப்பரின் செயலிகள் ஆப் குரூப் என்ற வசதி மூலம் பொதுச் சேமிப்பிடம் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டிலும் ஒரே சாவியால் கையெழுத்திட்ட செயலிகளுக்கு மட்டும் திறக்கும் அனுமதி இருக்கிறது. ஆனால் புதிய செயலியைத் தொடங்கும்போதே பழையதன் சாவியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ப்ளே ஸ்டோர் வேறொரு சாவியை உருவாக்கிவிடும், அதன்பின் இந்த வழி அடைபட்டுவிடும். மேலும், இவையெல்லாம் இரண்டு செயலிகளும் ஒரே சாதனத்தில் இருக்கும்வரைதான் பலன் தரும்.

உள்ளே சந்தா வைக்கும் மூன்றாவது வழியில் இந்த இடமாற்றமே இல்லை. நேயர் அதே செயலியைத் திறக்கிறார். கட்டணம் கேட்கும் கதவு மட்டும் உள்ளே சற்றுத் தள்ளி அமைகிறது. பெரிய நிறுவனங்களும் இதையே செய்தன. 2015இல் தொடங்கிய ஹாட்ஸ்டார், 2020 ஐபிஎல் போட்டிகளைச் சந்தாவுக்குள் கொண்டுபோனது. 2023 உலகக் கோப்பையை மொபைலில் மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டது. கதவை ஒவ்வொரு முறையும் செயலிக்குள்ளேயே நகர்த்தினார்கள், நேயரை வேறு செயலிக்கு அனுப்பவில்லை. சந்தாத் தொகையில் செயலிக் கடைகள் எடுத்துக்கொள்ளும் பங்கும் தாங்கக்கூடியதே. கூகுள் 2022 ஜனவரியில் சந்தாக்களுக்கான பங்கை 15 விழுக்காடாகக் குறைத்தது. ஆப்பிளில் முதல் ஆண்டில் 30, பின்னர் 15 விழுக்காடு, சிறு நிறுவனத் திட்டத்தில் சேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே 15. ரோக்குவின் கட்டணச் சேவையான ரோக்கு பே 20 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது.

ஆனால் இந்த வழிதான் பழைய நேயருக்கு மிகப் பெரிய அநீதியையும் செய்யக்கூடியது. தனிச் செயலி வந்தால் அவரிடம் பழையது எஞ்சியிருக்கும். இங்கோ ஒரே இரவில் தானாக இறங்கும் அப்டேட், அவர் நேற்றுவரை பார்த்ததைப் பூட்டிவிடும். ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கிய அடிப்படை வசதியைப் பறிக்கக் கூடாது என்று ஆப்பிளின் விதி சொல்கிறது. இலவசமாகப் பார்த்தவருக்கு அந்தக் காப்பும் இல்லை. ஆகவே அந்தக் காப்பை நாமே கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை: பழைய நிகழ்ச்சிகள் பழைய நேயருக்குத் திறந்தே இருக்கட்டும், இனி வருபவற்றுக்குச் சந்தா கேட்போம்.

பழைய நேயர் யார் என்று கண்டுபிடிப்பது ஆப்பிளில் எளிது. ஒருவர் முதன்முதலில் எந்தப் பதிப்பைப் பதிவிறக்கினார் என்பதை, செயலிகளுக்கான ஆப்பிளின் விற்பனைக் கருவித்தொகுப்பான ஸ்டோர்கிட்டே சொல்லிவிடும். ஐபோனில் அங்கு வருவது நேயர் கடையில் பார்க்கும் பதிப்பு எண் அல்ல, டெவலப்பர் உள்ளே இடும் பில்டு எண் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் முதலில் நிறுவிய தேதியை அறியலாம் என்றாலும், செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் அது மாறிவிடும். அதனால், கட்டணம் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே இலவசச் செயலியில் மின்னஞ்சல் அல்லது கைபேசி எண் கொண்டு கணக்குத் தொடங்கும் வசதியைத் தந்து, யார் எப்போதிலிருந்து நம்மோடு இருக்கிறார்கள் என்பதை நம் சர்வரில் பதிந்துகொள்வதே நம்பத்தக்க வழி.

இந்திய நேயர்கள் மிகுந்த சேனலாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தபின், தானாகப் புதுப்பிக்கும் ஒவ்வொரு கட்டணத்துக்கும் 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புப் போக வேண்டும். மாதச் சந்தா என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை, நேயர் ‘இது தேவையா’ என்று யோசிக்கும் வாய்ப்பு வருகிறது. மூன்று மாதச் சந்தா என்றால் நான்கு முறை. சிறிய சேனலுக்கு நான் மூன்று மாதச் சந்தாவையே பரிந்துரைப்பேன். அந்த அறிவிப்பு வரும் வாரத்தில் புதிய நிகழ்ச்சி ஒன்றாவது ஏறியிருக்குமாறு பார்த்துக்கொள்வது சேனல் நடத்துபவரின் பொறுப்பு.