ஆபரேஷனுக்கு முன் ஆபத்தைக் கணிக்க: ஏஎஸ்ஏ கிரேடா, அமெரிக்க கால்குலேட்டரா?

மயக்க மருத்துவர் கட்டிலருகே வந்து நாலு கேள்வி கேட்டு, கேஸ் ஷீட்டில் "ஏஎஸ்ஏ 3" என்று எழுதிவிட்டுப் போவார். அமெரிக்க மயக்க மருத்துவர்கள் சங்கத்தின் (ஏஎஸ்ஏ) கிரேடு இது, நோயாளியின் உடல்நிலை எவ்வளவு மோசமோ அவ்வளவு எண் கூடும். 1941-இல் அமெரிக்காவில் பிறந்த முறை. செலவில்லை, கணினி வேண்டாம். ஆனால் ஒரே நோயாளிக்கு ஒருவர் 2 போடுவார், இன்னொருவர் 3 போடுவார். அதைவிடப் பெரிய குறை, கண்புரையா, குடலை வெட்டியெடுப்பதா என்பதை அது பார்ப்பதே இல்லை.

2013-இல் வந்த என்எஸ்க்யூஐபி (அமெரிக்காவின் தேசிய அறுவைச் சிகிச்சைத் தரமேம்பாட்டுத் திட்டம்) கால்குலேட்டர் 393 மருத்துவமனைகளின் 14 லட்சம் நோயாளிகளின் தரவில் உருவானது. முதலில் என்ன ஆபரேஷன் என்று கேட்கும், அப்புறம் வயது, சர்க்கரை, புகைப்பழக்கம், குளிப்பது உடுத்துவதைத் தானே செய்துகொள்வாரா என்பதுவரை கேட்டுவிட்டு, நிமோனியா, புண்ணில் தொற்று, மரணம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சதவீதம் சொல்லும். அதற்குள்ளும் ஏஎஸ்ஏ எண்ணை நாம்தான் கொடுக்க வேண்டும், அது பிசகினால் இதுவும் பிசகும்.

நள்ளிரவு அவசரத்துக்கு ஏஎஸ்ஏ போதும், சரி. நாள் குறித்துச் செய்யும் பெரிய ஆபரேஷன் என்றால் நான் கால்குலேட்டர் பக்கம்தான். நுரையீரல் சிக்கலுக்கான சதவீதத்தைக் கண்ணால் பார்த்தால், சிகரெட்டை நிறுத்தச் சொல்லும் பேச்சு நோயாளியின் காதில் ஏறும்.