லேசரா, ஊசியா: என் இரண்டு கண்களுக்கு இரண்டு வைத்தியம்

சர்க்கரை நோய் வந்து 17 வருடம் கழித்துத்தான் முதல்முறையாக விழித்திரையைக் காட்டப் போனேன். இடது கண்ணில் எழுத்துகள் கொஞ்ச நாளாக நெளிந்து தெரிந்தன, அதற்காகத்தான் போனதே. வலது கண்ணில் அட்டையின் கடைசி வரி வரை தடங்கல் இல்லாமல் படித்தேன். கண்ணின் பாப்பா விரிய சொட்டு விட்டு, நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்த டாக்டர், "இடது கண்ணைச் சரிபண்ணப் பார்க்கலாம், எனக்குக் கவலை வலது கண்தான்" என்றார். நன்றாகத் தெரிகிற கண்ணில் என்ன கவலை என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது இடது கண்ணுக்கு ஊசியும் வலது கண்ணுக்கு லேசரும் ஆகிவிட்டன. இரண்டையும் ஒரே உடம்பில் பட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வலது கண்ணுக்கு இருந்த நிலைமைக்கு நான் லேசர் பக்கம். ஏன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களை இரண்டு விதமாகக் கெடுக்கிறது. ஒன்று, குழாய் கசிகிறது. கசிந்த நீர் மையப் பகுதியான மாக்குலாவில் தேங்கினால் அது வீங்கி, பார்வை மங்குகிறது, நேர்கோடு வளைகிறது. இது என் இடது கண். இன்னொன்று, குழாய் அடைபடுகிறது. அடைபட்ட இடத்தில் விழித்திரை ஆக்சிஜன் இல்லாமல் தவித்து, விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து, புதுக் குழாய்களை வளரச் சொல்கிறது. வருகிற குழாய்களோ நொய்ந்தவை, எப்போது வேண்டுமானாலும் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அவற்றோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுக்கும். இது என் வலது கண். மையப் பகுதியைத் தொடாத வரை பார்வையில் ஒன்றும் தெரியாது. கடைசி வரி வரை படிக்கலாம்.

இடது கண்ணுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாக்குலா நடுவில் வீங்கிப் பார்வையும் குறைந்திருந்தால் இன்றைக்கு முதல் தேர்வு, விஇஜிஎஃபை அடக்கும் மருந்தைக் கண்ணுக்குள் போடும் ஊசிதான். முன்பு அதற்கும் லேசர் வைத்தார்கள். 1985-இல் வந்த பெரிய ஆய்வு, அந்த லேசர் பார்வை இழப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று காட்டியது. ஆனால் போன பார்வையைத் திருப்பித் தருவது அதற்கு அபூர்வம். ஊசி பலருக்கு இரண்டு மூன்று வரிகளைத் திருப்பித் தருகிறது. எந்த மருந்து என்று குழம்புகிறவர்களுக்கு 2015-இல் வந்த ஓர் ஒப்பீடு உதவும். அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா மூன்றையும் மாக்குலா வீக்கத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள். பார்வை லேசாகத்தான் குறைந்திருந்தது என்றால் மூன்றும் ஒன்றுதான். நன்றாகக் குறைந்திருந்தால் முதல் வருடத்தில் ஐலியா முந்தியது. அவாஸ்டின் குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அனுமதி பெற்ற மருந்து. கண்ணுக்குப் போடுவது டாக்டர்களின் முடிவில் நடக்கிறது, அதைச் சிறு அளவாகப் பிரித்து நிரப்பும் இடத்தின் சுத்தம் முக்கியம். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கண்ணில் ஊசி என்றதும் வயிற்றைப் பிசையும். எனக்கும் பிசைந்தது. நடந்தது இவ்வளவுதான்: மரத்துப்போக சொட்டு, அயோடின் கழுவல், இமைகளை விலக்கி வைக்க ஒரு சின்னக் கிளிப். "மேலே பாருங்க" என்றார்கள், வெள்ளை விழியில் ஓர் அழுத்தம், முடிந்தது. அயோடின் எரிச்சல்தான் ஊசியைவிடத் தொல்லை. அன்று மாலை வரை இரண்டு மூன்று கரிய குமிழிகள் பார்வையின் அடியில் மிதந்தன, மறுநாள் காணவில்லை. கிருமி உள்ளே போய்விடும் ஆபத்து ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்றுக்குத்தான். ஆனாலும் வந்தால் கண்ணையே கொண்டுபோகும். ஊசி போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை இறங்கினாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஓட வேண்டும்.

மாதம் ஒன்றாக மூன்று ஊசி போட்டதும் எழுத்து நேரானது. அப்புறம் காலில் ஒரு புண் வந்தது. சர்க்கரைக்காரன் காலில் புண் என்றால் தெரியுமே, அதைக் காப்பாற்றுவதிலேயே நான்கு மாதம் போய்விட்டது. கண் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திரும்பப் போனபோது, விழித்திரையின் குறுக்குவெட்டைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் மாக்குலா மறுபடி ஒரு குன்று போல எழும்பி நின்றது, கதவு நிலை பழையபடி வளைந்து தெரிந்தது. மீண்டும் ஊசி தொடங்கினோம், பெரும்பாலும் சரியாகிவிட்டது. அந்த நான்கு மாதம்தான் வலது கண்ணைப் பற்றிய என் முடிவை எடுத்தது.

வலது கண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பழைய வழி, ஓரப்பகுதி விழித்திரை முழுக்க லேசர் புள்ளிகள் வைப்பது. 1976-இல் வெளியான ஆய்வு, இப்படிப்பட்ட கண்களில் கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கும் கீழே குறைப்பதைக் காட்டியது. புது வழி, அதே விஇஜிஎஃப் எதிர்ப்பு ஊசி. அமெரிக்காவில் இரண்டையும் நேருக்கு நேர் மோத விட்ட ஆய்வு 2015-இல் வெளியானது. இரண்டு வருட முடிவில் ஊசி பார்வையில் பின்தங்கவில்லை. மாக்குலா வீக்கம் புதிதாக வந்த கண்கள் ஊசியில் 9 சதவீதம், லேசரில் 28. கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் விட்ரெக்டமி என்ற அறுவை தேவைப்பட்டது ஊசியில் 4 சதவீதம், லேசரில் 15. பக்கவாட்டுப் பார்வை இழப்பும் லேசரில்தான் கூடுதல். ஐந்தாம் வருடத்தில் பார்வை இரண்டிலும் சமமாக வந்து நின்றது. காகிதத்தில் பார்த்தால் ஊசிதான் ஜெயிக்கிறது. ஊசி பக்கம் நிற்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை.

என்னைத் திருப்பியது அதே ஆய்வின் வேறு இரண்டு விவரங்கள். ஐந்து வருடத்தில் ஊசிக் கண் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 19 ஊசிகள் போட வேண்டியிருந்தது. அப்புறம், ஆள் வைத்து ஃபோன் செய்து கூப்பிடுகிற ஆய்விலேயே, இறந்துபோனவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஐந்து வருடம் முழுக்க வந்தவர்கள் மூன்றில் இரண்டு பேர்தான். அங்கேயே அப்படியென்றால், நம்மை யார் ஃபோன் செய்து கூப்பிடப் போகிறார்கள்?

வராமல் போனால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஓர் ஆய்வு, இந்த நோய்க்கு வைத்தியம் ஆரம்பித்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் காணாமல் போய், பிறகு திரும்பி வந்தவர்களை எடுத்துக்கொண்டது. ஊசி மட்டும் போட்டிருந்த கண்களில் விழித்திரை இழுத்து விலகியது லேசர் வைத்த கண்களைவிட மிக அதிகம். பார்வையும் அவற்றில்தான் மோசமாகியிருந்தது. சின்ன ஆய்வுதான், பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்தது. அதனால் இதையே கடைசித் தீர்ப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் யோசித்தால் பொருந்துகிறது.

கூரை ஒழுகுகிறது என்று வையுங்கள். ஊசி என்பது கீழே பாத்திரம் வைப்பது. சுரந்த விஇஜிஎஃபைச் சில வாரத்துக்கு அது பிடித்து வைத்துக்கொள்கிறது, தரை காய்ந்திருக்கிறது. ஆனால் தவிக்கும் விழித்திரை அப்படியேதான் இருக்கிறது, சுரந்துகொண்டேதான் இருக்கிறது. பாத்திரத்தை மாற்ற ஆள் வராவிட்டால் தரை நனையும். லேசர், தவிக்கும் அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான சின்னப் புள்ளிகளைச் சுட்டு ஆக்சிஜன் தேவையையே குறைத்துவிடுகிறது. சுரப்பு குறைகிறது, புதுக் குழாய்கள் வாடுகின்றன. அந்த வேலை நான் படுத்துக் கிடந்தாலும் நடக்கும், காலில் புண் வந்தாலும் நடக்கும்.

இரண்டு கண்களிலும் தவணை தவறினால் வரும் நஷ்டம் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். இடது கண்ணில் நான்கு மாதம் தவறியது வீக்கமாக வந்தது, ஊசியில் வடிந்தது. வலது கண்ணில் அதே நான்கு மாதம் விழித்திரை விலகலாக வந்திருந்தால் அதை ஊசி போட்டுத் திருப்ப முடியாது. அடுத்த அவசரம் எனக்கு எப்போது வரும் என்று தெரியாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று மூன்று பக்கமும் ஓடுகிறவன் நான். ஒரு தவணை தவறினாலும் தாங்குகிற வைத்தியம்தான் என் வலது கண்ணுக்கு வேண்டியிருந்தது.

லேசர் மூன்று அமர்வாக வைத்தார்கள். தாடையைத் தாங்கியில் பதித்து, கண்மேல் ஜெல் தடவிய ஒரு லென்ஸை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். பச்சை வெளிச்சம் படபடவென்று அடிக்கும். பெரும்பாலான புள்ளிகள் தெரியவே இல்லை. மேலேயும் கீழேயும் போகும்போது பரவாயில்லை, பக்கவாட்டில் சில இடங்களில் மட்டும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கென்று ஆழமாகக் குத்தியது. வலிக்கிறது என்று சொன்னால் நிறுத்தி, வேகத்தைக் குறைப்பார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை அசைப்பதுதான் ஆபத்து. எழுந்ததும் அந்தக் கண்ணில் அறை முழுக்க ரோஜா நிறமாகத் தெரிந்தது, பத்து நிமிடத்தில் தெளிந்தது.

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் வலது கண் இப்போது தயங்குகிறது. வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் பழகக் கொஞ்ச நேரம் ஆகிறது. வலப்பக்கம் கதவு ஓரத்தில் இரண்டு முறை தோள் இடித்தது. இரவில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். சுட்ட இடத்துப் பார்வை திரும்ப வராது. இரவு ஓட்டினால்தான் பிழைப்பு என்கிறவர், ஒவ்வொரு தவணைக்கும் தவறாமல் வரமுடியும் என்றால், ஊசியைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் இருக்கிறது.

வலது கண்ணில் மாக்குலாவும் வீங்கியிருந்தால் நானுமே முதலில் ஊசி என்றுதான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் லேசர் அந்த வீக்கத்தைக் கூட்டக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊசியால் வீக்கத்தை வடித்துவிட்டு லேசர் வைப்பது வழக்கம். உள்ளே ரத்தம் நிறைந்து விழித்திரையே தெரியவில்லை என்றால் லேசர் பாய வழியில்லை. சமீபத்தில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களும், கர்ப்பமாக இருப்பவர்களும் ஊசிக்கு முன்னால் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

என்னுடையது சர்க்கரை விழித்திரை. உங்களுடையது வேறு என்றால் இந்தத் தராசு பொருந்தாது. வயதானவர்களுக்கு வரும் ஈர வகை மாக்குலா சிதைவில் ஊசிதான், அதில் தவணை தவறுவது நேராக மையப் பார்வையைத் தின்னும். திடீரென்று மின்னல் வெட்டு, கரும்புள்ளி மழை, ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தால் விழித்திரை கிழிந்தோ விலகியோ இருக்கலாம், அதற்கு ஒப்பீடெல்லாம் கிடையாது, அன்றே காட்டுங்கள். ஸ்டீராய்டு ஊசியும் மாக்குலா வீக்கத்துக்கு உண்டு, தவணை குறைவு, ஆனால் கண்புரையும் கண் அழுத்தமும் கூடும். அதை நான் போட்டுக்கொண்டதில்லை. விட்ரெக்டமியும் எனக்குத் தேவைப்படவில்லை, அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

எதை எடுத்தாலும் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நான் ஆறு மாதம் வர முடியாமல் போனால் இந்தக் கண் என்ன ஆகும்?" நான் கேட்டபோது அவர் பேனாவை வைத்துவிட்டு, இரண்டு கண்களுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னார்.

போன வாரம் மறு பரிசோதனை. வலது கண்ணில் புதுக் குழாய்கள் வாடிக் கிடக்கின்றன, பழையபடி கடைசி வரி வரை படித்தேன், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். இடது கண்ணுக்கு இந்த மாதமும் ஒரு ஊசி போட்டார்கள், அடுத்த மாதத் தேதியையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.