டிடி ஃப்ரீ டிஷ்: சந்தா இல்லை, சரி. தமிழ் வீட்டுக்கு ஆகுமா?

அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி நடத்தும் இலவச டிடிஎச் சேவைதான் டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. பாக்ஸ், டிஷ், ஒயர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய். அதன்பின் ரீசார்ஜ் என்ற பேச்சே கிடையாது.

பார்ப்பவர் பணம் கட்டாவிட்டால் யார் கட்டுகிறார்கள்? சேனல்கள்தான். தனியார் சேனல்களுக்கான இடங்களைப் பிரசார் பாரதி இணையவழி ஏலத்தில் விடுகிறது. ஹிந்திப் பொழுதுபோக்குச் சேனல்கள் இதற்காகக் கோடிக்கணக்கில் கொடுத்து, அதை விளம்பரத்தில் எடுக்கின்றன. சன் டிவி, விஜய் டிவி, ஜீ தமிழ் போன்றவை சந்தாவையும் நம்பி நடப்பவை. இலவசமாகக் கொடுத்தால் கேபிளிலும் மற்ற டிடிஎச்சிலும் காசு கேட்க முடியாது. அதனால் அவை இதில் இல்லை. சீரியல் பார்க்கும் வீட்டில் இருக்கிற இணைப்பை எடுத்துவிட்டு இதை மாட்டினால் முதல் நாள் இரவே சண்டைதான். டிடி தமிழ், செய்திகள், பிள்ளைகளுக்கான பிஎம் இ-வித்யா பாடச் சேனல்கள் போதும் என்பவர்களுக்கும், தோட்டத்து வீட்டில் இரண்டாவது டிவிக்கும் இதைவிட நல்ல பேரம் கிடையாது.

பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறை) என்று கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 பாக்ஸ் கொஞ்சம் மலிவு, ஆனால் எம்பெக்-4 முறையில் வரும் சேனல்கள் அதில் தெரியவே தெரியாது. எம்பெக்-4 பாக்ஸில் இரண்டும் வரும்.

சேவை வருவது 93.5 பாகை கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சன் டைரக்டும் அங்கிருந்து ஒளிபரப்புவதால், மாடியில் சும்மா கிடக்கும் பழைய சன் டைரக்ட் டிஷ்ஷையே பயன்படுத்தலாம். சென்னையில் டிஷ் பார்க்க வேண்டியது தென்கிழக்கு, திசைகாட்டியில் சுமார் 134 பாகை; மதுரை, கோவையில் இன்னும் கிழக்கே தள்ளி 122 பாகை வாக்கில். ஏற்றக் கோணம், அதாவது அடிவானத்திலிருந்து மேலே பார்க்கும் கோணம், சென்னையில் 68, மதுரையில் 69, கோவையில் 67. ஏறக்குறைய தலைக்கு மேலே! ஆனால் நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகை, சிக்னலை நேராக அல்லாமல் சாய்வாக வாங்குபவை. தட்டின் முகம் 45 பாகை அளவில்தான் சாய்ந்திருக்கும். இது தெரியாமல் தட்டை வானம் பார்க்க மல்லாத்தி வைத்துவிட்டு, சிக்னல் இல்லை என்று பாக்ஸைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

பாக்ஸின் மெனுவில் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிய கையில் இருந்து சிக்னலை வாங்கும் கருவி) வகையை யுனிவர்சல், 9750–10600 என்று வையுங்கள். திரையில் இரண்டு கோடுகள் வரும். ஸ்ட்ரெங்த் கோட்டை நம்பவே வேண்டாம். டிஷ் எந்தத் திசையைப் பார்த்தாலும் அது ஏறித்தான் நிற்கும். குவாலிட்டி கோடுதான் கணக்கு. டிஷ்ஷை விரல் அகலம் நகர்த்தி, இரண்டு மூன்று விநாடி பொறுத்து, மறுபடி நகர்த்த வேண்டும். குவாலிட்டி கிடைத்தபின் எல்என்பியைப் பிடியிலேயே சிறிது சிறிதாகத் திருப்பி, கோடு உச்சம் தொடும் இடத்தில் முடுக்குங்கள். ஆள் வைத்து மாட்டினாலும் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த ஒரு வேலைதான். வெயிலில் நன்றாக ஓடிய படம் லேசான தூறலுக்கே கட்டம் கட்டமாக உடைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிடிஎச் வருவது கேயு பேண்ட் என்ற அலைவரிசையில்; கனமழையில் அந்தச் சிக்னல் சற்று நேரம் போகத்தான் செய்யும். டிஷ் உயரப் பார்ப்பதால் சிக்னல் மழைக்குள் கடக்கும் தூரம் நமக்குக் குறைவு, விரைவில் திரும்பிவிடும். மழை விட்ட பின்பும் வராவிட்டால் ஒயர் முனையில் திருகியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், தண்ணீர் இறங்கியிருக்கும். டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி-6 ஒயரை எல்என்பிக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டினால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஏலம் முடிந்து ஏப்ரலில் சேனல் பட்டியல் மாறும். 2022 ஏப்ரலில் ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல், கலர்ஸ் ரிஷ்தே, சோனி பல் நான்கும் ஒரே நேரத்தில் வெளியேறின. பிடித்த சேனல் காணாமல் போனால் முதலில் பாக்ஸ் மெனுவில் ஒரு ஆட்டோ ஸ்கேன் போட்டு, சேனல்களை மறுபடி தேடவிடுங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடம் படம் மறையும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது. அப்போது டிஷ்ஷைத் தொடாதீர்கள்.